கலியபெருமாள் பீரோ

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும், நாய் எதுவும் இல்ல. வாடகை போர்டைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? ஒரே ரூமுதான். தனி வாசல், தனி பாத்ரூம், தண்ணிக்குக் கவலையே இல்ல. பாருங்க, தாராளமாப் பாருங்க. கதவு மட்டும் முழுசாத் திறக்காது, பாதிதான் வரும். உடம்பை ஒருக்களிச்சுக்கங்க. ஆங், அப்படித்தான். இப்பத் தலையை உள்ள விட்டுப் பாருங்க.

சுவரு எங்கங்கிறீங்களா? இருக்கு, பின்னாடி இருக்கு. ஜன்னலும் இருக்கு, அதை மறைச்சு ஒரு அடுக்கு நிக்குது. எல்லாம் புஸ்தகம். என்னுது இல்ல தம்பி, லைப்ரரி புஸ்தகம். எதை எடுத்துப் பாத்தாலும் கிளை நூலகம்னு சீல் இருக்கும். அப்படி முழிக்காதீங்க, திருடிட்டு வரல. முறைப்படி தேதி போட்டு எடுத்தது. நான் இப்ப இந்த ஊரு லைப்ரரிக்குச் சிறந்த வாசகர், தெரியுமா? சால்வை போட்டாங்க. அந்தா, கொடியில காயுது பாருங்க, அதான்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், இந்த ஸ்டூல்ல உக்காருங்க. அதுல ஒருத்தரையும் உக்கார வைக்கிறதில்ல, காலு ஆடும். மோர் குடிக்கிறீங்களா? குடிச்சுக்கிட்டே கேளுங்க. ரூமைப் பத்திப் பேசணும்னா முதல்லேருந்து சொன்னாத்தான் விளங்கும்.

எங்க வீட்டுக்காரரு ஹைவேஸ் ஆபீஸ்ல கிளார்க்கு. பேரா? வாசல் பலகையில எழுதியிருக்கே. நான் சொல்ல மாட்டேன். கழுத்துல தாலி ஏறினதுலேருந்து இன்னைய வரைக்கும் அந்தப் பேரை நான் வாயால சொன்னதில்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட கார்டைத்தான் நீட்டுவேன். அந்தக் காலத்துப் பழக்கம், சிரிக்காதீங்க.

மத்த வீட்டு ஆம்பளைங்களுக்குக் குடி, சீட்டு, அது இதுன்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். தெருவுல பொம்பளைங்க, "உனக்கென்னக்கா, உன் வீட்டுக்காரரு தங்கம்"பாளுக. தங்கம்தான், இல்லங்கல. ஆனா தங்கம்னா ஒரு டப்பாவுக்குள்ள அடங்கும். இவரு கொண்டாந்து சேத்தது வீடு முழுக்க நின்னுச்சு. இந்த ரூமு நிறைஞ்சுது, அப்புறம் கூடம், அப்புறம் அரிசி டிரம்மு மேல, அப்புறம் சாமி அலமாரிக்குக் கீழ. விளக்கேத்தக் குனிஞ்சா ஏதாவது ஒரு புஸ்தகத்தைத்தான் கும்பிடணும்.

மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புவேன். கீரைக் கட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சுக் கொண்டாருவாரு. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி கீரையை எடுத்துக்கிட்டு, "இன்னும் பை கனக்குதே"ம்பேன். "முருங்கைக்கீரை, கனமாத்தான் இருக்கும்"பாரு. முருங்கைக்கீரை கனக்குமாம். அப்படியொரு பொய்யைச் சொல்லிட்டு மூஞ்சியைப் பாக்க மாட்டாம அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு.

அதுவும் என்ன புஸ்தகம்ங்கிறீங்க? தேனீ வளர்ப்பு. ஒரே ஒரு தேனீ ஜன்னல் வழியா வந்துட்டா வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கொல்லைப் பக்கம் ஓடுற மனுஷன். கப்பல் கட்டுறது எப்படின்னு ஒண்ணு. நம்ம ஊரு ஏரியில குளிக்கவே தண்ணி கிடையாது. அப்புறம் பனி பெய்யுற நாட்டுக் கதைங்க, தடி தடியா, ஒரே கதை ரெண்டு பாகம். நான் ஒரு நாளும் அதையெல்லாம் பிரிச்சுப் பாத்ததில்ல. ஆனா தூசி தட்டினது யாரு? நான். வெள்ளிக்கிழமை தவறாம ஒண்ணொண்ணா எடுத்துத் தட்டி, அதது இருந்த இடத்துலயே வைக்கணும். இடம் மாறிப் போச்சுன்னா மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அப்புறம் போய்ச் சேர்ந்துட்டாரு. அதைப் பத்தி இப்ப என்ன.

காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பினாங்க. அன்னைக்கே லைப்ரரிக்கு ஆளனுப்பிட்டேன், வந்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போங்கன்னு. என் மக வளர்மதி, ஓசூர்ல இருக்கா, அவதான் இழுத்தா. "கொஞ்ச நாள் இருக்கட்டுமேம்மா"ன்னா. "நீ இருந்து தூசி தட்டுறியாடி"ன்னேன். நான் செஞ்சது சரிதான் தம்பி. இன்னைக்குக் கேட்டாலும் சரிதான்னுதான் சொல்லுவேன். இருக்கிற மனுஷிக்கு நடக்க இடம் வேணாமா?

சும்மா கொடுக்கல. லைப்ரரியில ஒரு சுவரு முழுக்க அடைக்கிற மாதிரி பட்டறையில சொல்லிக் கண்ணாடிக் கதவு போட்ட பீரோ செஞ்சு கொடுத்தேன். கண்ணாடியில அவரு பேரு, 'நினைவாக', அதுக்குக் கீழ 'அன்பளிப்பு: மனைவி தையல்நாயகி'. பெயிண்டரு என் பேரை அவரு பேரை விடப் பெருசா எழுதிட்டான். பாவம், கஷ்டப்பட்டு எழுதினதை அழின்னு எப்படிச் சொல்றது? விட்டுட்டேன். எழுத்து கண்ணாடியையே அடைச்சுக்கிச்சு, உள்ள என்ன புஸ்தகம் இருக்குன்னு தெரியலைன்னு சில பேரு குறை சொன்னாங்க. நம்ம ஊர்ல ஒரு நல்ல காரியம் செஞ்சா நாலு பேரு குறை சொல்லத்தானே செய்வாங்க. பூட்டு நல்ல பூட்டா வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்புல.

நாலஞ்சு வருஷம் ஒரு தொல்லையும் இல்ல. பழைய லைப்ரரியன் சாது. நான் எப்பவாவது போனா எழுந்து நிப்பாரு, நான் பீரோவைத் தொடைச்சுட்டு வந்துருவேன். அவரு ரிட்டயர் ஆகி ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு வந்தா. அப்பப் பிடிச்சுது தொல்லை.

ஒரு நாள் போன். "அம்மா, லைப்ரரியிலேருந்து ஜெசிந்தா பேசறேன். ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா? அந்த பீரோ சாவியையும் எடுத்துக்கிட்டு வாங்கம்மா." சாவின்னதுமே எனக்குச் சுருக்குன்னுச்சு. போனேன். உள்ள கால் வைக்க இடமில்ல. புதுப் புஸ்தகம் கட்டுக்கட்டா வந்து இறங்கியிருக்கு, சணல் கயிறுகூடப் பிரிக்கல, பாத்ரூம் கதவு வரைக்கும் கிடக்கு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க தரையில சாக்கைப் போட்டு உக்காந்திருக்குதுங்க. ஒரு பொண்ணு கட்டு மேலயே ஏறி உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டிருக்கா.

ஜெசிந்தா சாவியை வாங்கித் திறந்தா. ஒரு புஸ்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரிச்சா. அங்க ஒரு தாள் ஒட்டியிருக்கும், பாத்திருப்பீங்க, யாராவது எடுத்துட்டுப் போனா அதுல தேதி குத்துவாங்க. "பாருங்கம்மா, ஒரு தேதிகூட இல்ல." அடுத்தது எடுத்தா. அதுலயும் இல்ல. எதுலயும் இல்ல, எல்லாம் வெள்ளையாக் கிடக்கு. "வருஷக்கணக்கா யாருமே எடுக்காத புஸ்தகத்தைக் கழிச்சுட்டு இடம் பண்ணச் சொல்லி ஆபீஸ்ல உத்தரவும்மா. அடுத்த மாசம் பெரிய அதிகாரி பார்வைக்கு வர்றாரு. அதுக்குள்ள பண்ணியாகணும்"ன்னா.

ஏன் ஒருத்தரும் எடுக்கலைன்னு நானும் யோசிச்சுப் பாத்தேன் தம்பி. இந்த ஊரு சனங்களுக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது, அதான் காரணம். பீரோ பூட்டியே இருந்துச்சேம்மாங்கறா ஜெசிந்தா. பூட்டி இருந்தா என்ன? வேணுங்கிறவங்க எங்க வீட்டுக்கு வந்து சாவி கேக்கலாமில்ல? ஒருத்தன் வந்தான், காலேஜ் படிக்கிறவன். கையைக் காட்டுன்னேன். முறுக்கு தின்ன எண்ணெய். சோப்புப் போட்டுக் கழுவிட்டு வான்னேன். போனவன் போனவன்தான். அவ்வளவுதான் இந்தக் காலத்துப் பிள்ளைங்களோட ஆர்வம்.

"கழிச்சு எங்க அனுப்புவ"ன்னேன். கொஞ்சம் தயங்கிட்டு, "எடைக்குத்தாம்மா"ன்னா. பழைய பேப்பர் கடை மணிமுத்துவைப் பேசி வச்சிருக்காங்களாம். அந்தத் தேனீ, அந்தக் கப்பல், எல்லாம் பஸ் ஸ்டாண்டு பஜ்ஜிக் கடைக்குப் போயிரும். எவனோ ஒருத்தன் வாழைக்காய் பஜ்ஜியை எங்க வீட்டுக்காரரு புஸ்தகத்துல வச்சு எண்ணெய் பிழிவான். அங்கயே எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. கோவத்துல வந்த அழுகை.

"எங்க வீட்டுக்காரரை எடைக்குப் போடறியா நீ"ன்னேன். படிச்சுக்கிட்டிருந்த பிள்ளைங்க எல்லாம் நிமிந்து பாக்குதுங்க. "அவரை இல்லம்மா, புஸ்தகத்தை"ங்கறா மெதுவா. "ரெண்டும் ஒண்ணுதான்"னுட்டேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனா அதைச் சொன்னப்புறம் அங்க நிக்கப் பிடிக்கல. சாவியை வாங்கிச் சொருகிக்கிட்டு விறுவிறுன்னு வந்துட்டேன்.

வர்ற வழியிலேயே எனக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சு. தேதி விழல, அதானே குத்தம்? விழ வச்சாப் போச்சு.

மறுநாளே உறுப்பினர் ஆகிட்டேன். ஒரு கார்டுக்கு மூணு புஸ்தகம்தான் கொடுப்பாங்களாம். அந்த பீரோவுக்கு மூணு மூணா எடுத்தா நான் பேரன் பேத்தி எடுத்து அதுங்க பேரன் பேத்தி எடுத்தாலும் முடியாது. அப்ப ஆளு வேணும். ஆளுக்கா பஞ்சம்? நான் மகளிர் குழுத் தலைவி. அடுத்த கூட்டத்துல சொல்லிட்டேன், வீட்டுல அத்தனை பேருக்கும் லைப்ரரி கார்டு போடாதவ யாரும் கடனுக்குக் கையெழுத்து கேட்டு எங்கிட்ட வரக்கூடாதுன்னு. ஒருத்தியும் ஏன்னு கேக்கல. அப்படி ஒரு மரியாதை எம்மேல. பயம்னு பாக்கியம் சொல்லுவா. அவ பூ கட்டி விக்கிறவ, வாய் நீளம்.

வரிசையா நின்னோம் பாருங்க லைப்ரரி வாசல்ல. தேர்தலுக்குக்கூட அப்படி நின்னதில்ல. நான் பீரோவைத் திறந்து வச்சுக்கிட்டு ஆளுக்கு மூணு எடுத்துக் கொடுப்பேன், ஜெசிந்தா டொக்கு டொக்குன்னு தேதி குத்துவா. பாக்கியத்துக்குக் கப்பல். பால்காரம்மாவுக்கு நட்சத்திர மண்டலம். எனக்கு ஆட்டோ ஓட்டுற சின்னராசுக்கு அந்தப் பனி பெய்யுற நாட்டுக் கதை முதல் பாகம். ஜெசிந்தா உதட்டைக் கடிச்சுக்கிட்டே குத்தினா. தோத்துட்டோம்ங்கிற ஆத்திரம்தான், வேறென்ன.

ஆனா இந்தச் சனங்களை நம்பி ஒரு பொருளைக் கொடுக்க முடியுதா? ஒரு நாள் சின்னராசு வண்டியை வாசல்ல நிறுத்திட்டு ஓடி வர்றான். யாருக்கோ உடம்பு முடியலையோன்னு நான் பதறிட்டேன். "அக்கா, அந்தக் கிழவன் குதிரையோட பனியில மாட்டிக்கிட்டானே, அப்புறம் என்ன ஆச்சு?"ங்கறான். எந்தக் கிழவன்? எந்தக் குதிரை? பாத்தா, பய புஸ்தகத்தைப் படிச்சிருக்கான். ரெண்டாம் பாகம் பாக்கியத்தோட நாத்தனா கார்டுல போயிருச்சு. அவ வீட்டைத் தேடிப் போயிருக்கான், அவ படிச்சு முடிச்சாத்தான் தருவேன்னுட்டாளாம். அவளும் படிக்கிறா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "டேய், உன்னைய எடுக்கச் சொன்னேனா, படிக்கச் சொன்னேனா?"ன்னேன். கொண்டாடான்னு வாங்கிப் பாத்தா அட்டையில டீ டம்ளர் வட்டம். பக்கத்து முனையை மடிச்சு வேற வச்சிருக்கான். எங்க வீட்டுக்காரரு பஸ் டிக்கெட்டை வச்சுத்தான் அடையாளம் வைப்பாரே தவிர ஒரு முனை மடிக்க மாட்டாரு. அன்னைக்கே சட்டம் போட்டுட்டேன். கையெழுத்து போட்டுத் தேதி குத்தினதும் புஸ்தகம் நேரா எங்கிட்ட வந்துரணும். யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. சின்னராசுதான் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்து இறக்குவான். சிக்னல்ல நிக்கிறப்ப ரெண்டு பக்கம் படிச்சுக்கிறான்னு கேள்வி. எப்படியோ போகட்டும், அந்தக் கிழவன் கதியை நானும்தான் தெரிஞ்சுக்கணும்.

இப்ப விளங்குதா, எல்லாம் எப்படி இங்க வந்துச்சுன்னு?

அதிகாரி வந்தாரு. பீரோவுல இருந்த புஸ்தகம் மொத்தத்துக்கும் ரிஜிஸ்டர்ல தேதி. இந்த வட்டாரத்துலயே இவ்வளவு புஸ்தகம் வெளிய போற லைப்ரரி வேற இல்லைன்னு அசந்து போயிட்டாராம். கழிக்கிற பேச்சே எழல. மணிமுத்து தராசைத் தூக்கிக்கிட்டு வந்த வழியே போனான். நான் வாசல்ல நின்னு பாத்தேன். அன்னைக்கு ராத்திரிதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நூலக வாரத்துல கூப்பிட்டு சால்வை போட்டாங்க. பேசச் சொல்லி மைக்கை நீட்டிட்டாங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச புஸ்தகம் எதுன்னு அந்த அதிகாரி கேக்கறாரு. நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "எல்லாமே நல்ல புஸ்தகங்க. ரெண்டு கையாலயும் தூக்கணும்"ன்னேன். ஒரே கைதட்டல். அதிகாரி என்ன புரிஞ்சுக்கிட்டாரோ, கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. பரிசா என்ன கொடுத்தாங்கங்கிறீங்க? புஸ்தகம். ஒரு கட்டு. வாசலுக்குக் குறுக்க கிடக்கு பாருங்க, அதனாலதான் கதவு திறக்க மாட்டேங்குது. அது மட்டுமா, உங்க ஊருல இதுக்கு நல்ல கிராக்கி இருக்குன்னு தேனீ வளர்ப்பு பத்தி இன்னும் பல புஸ்தகம் வாங்கி லைப்ரரிக்கு அனுப்பிட்டாங்களாம். ஜெசிந்தா என்னைய ஒரு பார்வை பாத்தா.

இங்கதான் அவளோட பயத்தைப் பாக்கணும் நீங்க. ரெண்டு வாரம் ஆனாத் திருப்பிக் கொடுக்கணும்னு சட்டம் இருக்கில்ல? நான் ஒரு தடவை ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனேன். ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. "ஏம்மா இந்த வெயில்ல தூக்கிக்கிட்டு வர்றீங்க? போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, இங்கயே புதுப்பிச்சுடறேன். அங்கயே இருக்கட்டும்மா, உங்க கையில இருந்தா எனக்கு நிம்மதி"ன்னா. இறக்கக்கூட விடல. அப்படியே திருப்பி அனுப்பிட்டா. எங்கிட்ட வாலாட்ட முடியாதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாருங்க.

சாவியும் கேட்டா. எதுக்குன்னேன். "பீரோ காலியா இருந்தாக் கரையான் ஏறிரும்மா. உங்க புஸ்தகம் திரும்பி வர்ற வரைக்கும் சும்மா எதையாவது நிரப்பி வைக்கிறேன்"ன்னா. நியாயமாத்தானே இருக்கு? கொடுத்துட்டேன். அவளே கரையானைப் பத்தி இவ்வளவு யோசிக்கிறான்னா நல்ல பொண்ணுதான், ஆரம்பத்துலதான் கொஞ்சம் துள்ளினா.

அப்புறம் ஒரு நாள் பீரோவைத் தொடைக்கப் போனேன். கண்ணாடிக் கதவு ரெண்டும் அகலத் திறந்து கிடக்கு. உள்ள பூரா பரீட்சைப் புஸ்தகம், குரூப் ஒண்ணு, குரூப் நாலு, பேங்கு, போலீஸு. அதுக்கு முன்னாடி பெஞ்சு போட்டுப் பிள்ளைங்க உக்காந்திருக்குதுங்க, சாக்கு இல்ல. நான் வந்தது அதுங்களுக்குத் தெரியாது. ஒருத்தன் கேக்கறான், "வரலாறு புக்கு எங்கடி?" அன்னைக்குக் கட்டு மேல உக்காந்து கணக்குப் போட்டவ, அவ தலையைக்கூடத் தூக்காம சொல்றா, "கலியபெருமாள்ல மேல் தட்டுல இருக்கு பாரு." இன்னொருத்தி, "எடுத்தா திரும்பக் கலியபெருமாள்லயே வைடா, வெளிய போடாத"ங்கறா.

இது நான் சொன்னதாகாது தம்பி. அதுங்க சொன்னதைத்தான் உங்ககிட்டச் சொல்றேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சும்மா பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்ற மாதிரி சொல்லுதுங்க. திட்டலாம்னு வாயைத் திறந்தேன். என்னமோ, வரல. ஒரு ஓரமா உக்காந்துட்டேன். அதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை சொல்லுச்சுங்க. நானும் உக்காந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். இப்பல்லாம் சாயங்காலம் ஆனா அங்க போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றதுதான். பீரோவைத் தொடைக்கணுமே, அதுக்குத்தான்.

அந்தக் கணக்குப் போட்ட பொண்ணுக்கு வேலை கிடைச்சுருச்சு. ஸ்வீட் கொண்டாந்து முதல்ல பீரோவுக்கு முன்னாடி வச்சுட்டுத்தான் மத்தவங்களுக்குக் கொடுத்தா. எனக்கு ரெண்டாக் கொடுத்தா. ஒண்ணு கொண்டாந்து அந்த நாற்காலி மேல வச்சேன். எறும்பு வந்துருச்சு.

சரி, இப்ப ரூமு விஷயத்துக்கு வர்றேன். எங்க போறீங்க, மோரைக் குடிச்சு முடிங்க.

போன வாரம் ஜெசிந்தா வீட்டுக்கே வந்துட்டா. மொகமெல்லாம் சிரிப்பு. மேல ஒரு மாடி கட்டிக் கொடுத்து, புது ரேக்கு நிறைய வந்து இறங்கியிருக்காம். "இடம் வந்துருச்சும்மா. உங்க புஸ்தகத்தை எல்லாம் கொண்டாந்து நல்லபடியா அடுக்கிரலாம். பூட்டெல்லாம் வேணாம், எல்லாரும் எடுத்துப் படிக்கட்டும். சின்னராசு அண்ணன் ஆட்டோவைச் சொல்லட்டுமா?"ங்கறா.

அங்க ஓதம் தம்பி, புதுக் கட்டடம்னா சுவரு ஈரம் காய ஒரு வருஷம் ஆகும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை யாரு தட்டுவா? எண்ணெய்க் கை படும், முனையை மடிப்பானுக. இதெல்லாம் வரிசையாச் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே வந்து உங்களை மாதிரியே கதவுல தலையை விட்டுப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், "அவரு வச்சிருந்த மாதிரியே வச்சிருக்கீங்களாம்மா?"ன்னா. "பின்ன வேற எப்படி வைப்பாங்க? தேனீ ஜன்னல் பக்கம், கப்பல் கதவுக்கு மேல, பனிக் கதை அவரு கட்டில் தலைமாட்டுல. இடம் மாறினா மனுஷனுக்குச் சோறு இறங்காது"ன்னேன்.

அவ மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. தூசி போயிருக்கும். நான் தட்டற ரூமுல தூசி எப்படி வந்துச்சுன்னு எனக்கே ஆச்சரியம். அப்புறம் சொன்னா, "சரிம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல. ஆனா ஒரே கார்டுல திரும்பத் திரும்பப் புதுப்பிக்க எனக்கு அனுமதி இல்ல. ஆளு மாறணும். புதுக் கார்டு வந்துக்கிட்டிருக்கிற வரைக்கும் நான் உங்களைக் கேக்கவே மாட்டேன்." பாத்தீங்களா, பயந்துட்டா. வாசல்ல இறங்குறப்ப, "அந்தத் தேனீ புஸ்தகத்தை மட்டும் நீங்க கொண்டாரவே வேணாம்மா, அங்க நிறைய இருக்கு"ன்னுட்டுப் போனா.

குழுவுல எல்லாரு கார்டும் தீந்து போச்சு. வளர்மதி, மாப்பிள்ளை, மாப்பிள்ளையோட அம்மா வரைக்கும் போட்டாச்சு. வாசல்ல இருக்கே அந்த வாடகை போர்டு, அது வளர்மதி மாட்டினது, அம்மாவுக்குத் துணைக்கு ஆளு இருக்கட்டும்னு. கழட்டலாம்னுதான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அப்பப் பாத்து ஒரு மெடிக்கல் ரெப்பு ரூமு கேட்டு வந்தாரு. அவரைப் பாத்ததும் எனக்குத் தோணுச்சு, இந்த போர்டு இருக்கட்டும்னு. அவரு இப்ப நம்ம லைப்ரரி உறுப்பினர். நேத்து வந்த புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் உறுப்பினர். நீங்க எங்க வேலைக்குச் சேந்திருக்கீங்க? பேங்கா? எதுவா இருந்தா என்ன. சந்தாவெல்லாம் நான் கட்டிக்கிறேன். ஊருல விலாசம் இல்லையேன்னு யோசிக்காதீங்க, இந்த வீட்டு விலாசத்தையே போட்டுக்கலாம். லைப்ரரிக் கணக்குப்படி இங்க பெரிய கூட்டமே குடியிருக்கு.

உங்களுக்கு நான் எடுத்து வச்சிருக்கிறது பனிக் கதை ரெண்டு பாகமும், அப்புறம் கப்பலும். நல்ல புஸ்தகம். அந்தக் கிழவன் பிழைச்சுக்குவான், கவலைப்படாதீங்க. குதிரைதான் போயிரும். எப்படித் தெரியுமாவா? தூசி தட்டறப்ப பக்கம் தானா திறந்துக்குச்சு, கண்ணுல பட்டுருச்சு. எடுத்துட்டெல்லாம் போக வேணாம் தம்பி, இங்கயே இருக்கட்டும். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.

ரூமா? ரூமை எப்படி வாடகைக்கு விடறது? அதான் ஆளு இருக்கே. யாருங்கிறீங்களா? வாசல் பலகையில பேரு எழுதியிருக்கு, படிச்சுட்டுத்தானே உள்ள வந்தீங்க. இந்தாங்க பேனா, இங்க போடுங்க.